அக்கா கேட்கப்போற கேள்வி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். நர்சிங் காலேஜ் முதல் வருஷம், உடலியல் டெஸ்ட்ல நான் பெயிலு. பக்கத்துல உக்காந்திருக்கிறவ வகுப்புலயே முதல் மார்க்கு. கோபம் வராம என்ன வரும்?

நான் ஒண்ணும் சும்மா இருந்தவ இல்ல. மேடம் வாயைத் தொறந்தா என் பேனா ஓட ஆரம்பிச்சிரும். பாடத்துக்கு நீலம், தலைப்புக்குக் கறுப்பு, அடிக்கோடு போடச் சிவப்பு. அவளோ கையைக் கட்டிக்கிட்டு மேடம் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. எப்பவாச்சும் ஒரு வரி கிறுக்குவா, அம்புட்டுதான்.

வீட்டுல அப்பா ஒரே பேச்சுல முடிச்சிட்டார். "அடுத்த டெஸ்ட்லயும் பெயிலானா படிச்சது போதும். மாமா வீட்டுல பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்காங்க." அப்பா சொன்னா சொன்னதுதான்.

திண்டுக்கல்லுல இருந்து வத்தலக்குண்டு பஸ்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வருவோம். அன்னைக்கு அவ நோட்டைக் கேட்டேன், குடுத்தா. பக்கத்துக்கு நாலே வரி, அதுவும் கேள்வியா. "அக்கா கேப்பா: இதயத்துல இடது பக்கச் சுவர் மட்டும் ஏன் தடிமன்?" வந்த ஆத்திரத்துல நோட்டை அவ மடியில விட்டெறிஞ்சேன்.

"நல்ல நோட்டை ஒளிச்சு வச்சுக்கிட்டு யாருகிட்டடி நடிக்கிற?"

"நம்பலைன்னா சனிக்கிழமை வீட்டுக்கு வா"ன்னா, கோபமே இல்லாம.

ஆத்தூர் பக்கம் அவ ஊரு. நான் போனப்ப அவ அக்கா சாக்கை விரிச்சு, சின்ன வெங்காயத்துல காஞ்ச தாளைக் கத்தியால அரிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பன்னண்டாவதுல நல்ல மார்க்கு வாங்கினவங்க. நர்சாகணும்னு அம்புட்டு ஆசை. அம்மா படுத்த படுக்கையானதும் வீட்டோட நின்னுட்டாங்க. தங்கச்சி காலேஜுக்குக் கெளம்புறப்ப ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்களாம்: அங்க நடத்துறதை அன்னன்னைக்கே வந்து சொல்லணும்.

"இன்னைக்கு நீ சொல்லு புள்ள"ன்னாங்க. வசமா மாட்டிக்கிட்டேன். ரத்த ஓட்டத்தைக் கடகடன்னு ஒப்பிச்சேன். அக்கா கத்தியைக் கீழ வச்சாங்க.

"காலு வரைக்கும் எறங்குன ரத்தம் மேல எப்புடி ஏறும்? கிணத்துத் தண்ணிக்கே மோட்டார் வேணுமே?"

ஆறு பக்கம் எழுதியிருக்கேன், ஒண்ணுலயும் இது இல்ல.

"மேடம் கெண்டைக்காலைத் தட்டிக் காட்டுனாங்கல்ல"ன்னு அவ ஆரம்பிச்சா. நடக்கிறப்ப அந்தச் சதை அமுக்குற அமுக்குல ரத்தம் மேல ஏறும், திரும்ப எறங்காம வழியில சின்னச் சின்னக் கதவு இருக்குன்னு சொன்னா.

"அடியாத்தி! அதான் நாள் பூரா உக்காந்தே கெடந்தா எனக்குக் காலு வீங்குதா?"ன்னாங்க அக்கா.

மேடம் காலைத் தட்டுனப்ப நான் சிவப்புப் பேனாவைத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன். வெக்கமாப் போச்சு. இவ நடிக்கவே இல்ல, ரெண்டு பேருக்குச் சேத்துக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. அவ மேல எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி மாளாது.

திங்கக்கிழமை பேனாவை மூடி வச்சேன். கை துறுதுறுங்குது, அடக்கிக்கிட்டேன். இதுக்கு அக்கா என்ன கேப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே கேட்டேன். முக்கியமானதைச் சொல்றதுக்கு முன்னாடி மேடம் சாக்பீஸைக் கீழ வச்சிருவாங்க, அதுவே எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. புரியலைன்னா கையைத் தூக்குனேன். பாடம் முடிஞ்சப்புறம்தான் நாலு வரி எழுதுவேன். பஸ்ல அவகிட்ட ஒப்பிக்கிறது, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அக்காகிட்ட மாட்டுறது.

அடுத்த டெஸ்ட்ல பாஸ். அப்பா பேப்பரை ரெண்டு தடவை திருப்பிப் பாத்துட்டு, மாமா வீட்டுப் பேச்சையே எடுக்கல.

ஜிலேபி வாங்கிக்கிட்டு அக்காகிட்ட ஓடுனேன். "ரொம்ப சந்தோசம் புள்ள"ன்னு வாய் நெறையச் சிரிச்சாங்க. ஒரு துண்டைப் பிட்டு வாயில போட்டுக்கிட்டு, என் முகத்தைப் பாக்காம கேட்டாங்க.

"பாஸாயிட்ட. இனிமே வரமாட்டல்ல?"

சாக்குல உக்காந்து நானும் ஒரு கத்தியை எடுத்துக்கிட்டேன்.

"மேடம் நேத்து சிறுநீரகம் ஆரம்பிச்சாங்கக்கா"ன்னேன்.