ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள்

எங்கள் ஊரில் இருந்த அண்டை நாட்டுத் தூதரகத்தில் வேலை பார்த்த தச்சருக்கு ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர். மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை வைத்துப் பார்க்காமல் எதையும் சமம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

இரு நாடுகளுக்கும் இடையே பேச்சு நின்றுபோயிருந்த சமயம், தூதர் நம் அமைச்சரை அழைத்தார். ஒரே உயர நாற்காலி என்றால்தான் உட்காருவோம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

“ஏற்றத்தாழ்வு தெரிஞ்சுதோ, உம்ம வேலை போச்சு,” என்றார் தூதரக மேலாளர்.

“வீட்டு ஸ்டூல் ஆடுது, அதுக்கு வழியில்ல. நாட்டுக்கு நாற்காலியா?” என்றாள் ரசமட்டத்தின் மனைவி.

ரசமட்டம் ஒரு நாற்காலியின் கால்களை அறுத்தார். மற்றது உயரமாகத் தெரிந்தது. அதை அறுத்தார், இது உயர்ந்தது. அமைச்சரின் கார் வந்து நின்றபோது இரண்டும் அச்சு அசலாகச் சமம். ஆனால் மணை உயரம்தான் மிச்சம்.

இரண்டு பெரிய மனிதர்களும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

“கொஞ்சம் கை கொடுங்க,” என்றார் தூதர்.

“முதல்ல நீங்க கொடுங்க!”

ஒருவரையொருவர் இழுத்து, விழுந்து, சிரித்து எழுந்தார்கள். மறுநாள் இரு நாட்டுப் பத்திரிகைகளிலும் கைகோத்த அந்தப் படம்தான். பேச்சு தொடர்ந்தது, ரசமட்டத்தின் வேலையும் தப்பியது.

படத்தைப் பெருமையோடு வீட்டில் காட்டினார். மனைவி நாற்காலிகளை உற்றுப் பார்த்தாள். உடனே ஸ்டூலைத் தூக்கி அலமாரி மேல் வைத்தாள்.

“அது ஆடினா ஆடட்டும். நீங்க கிட்ட போகாதீங்க.”