பக்க நம்பர் என் யோசனை

நான் ஆறாங்கிளாஸ் ஃபெயில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொன்னதாக இருக்க வேண்டாம். 91-ல் கோலார் தங்கவயலில் இருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து, பெங்களூர் சாம்ராஜ்பேட்டையில் ஒரு சட்டப் புத்தகக் கம்பெனியில் பசை தடவச் சேர்ந்தேன். நாலே வருஷத்தில் பைண்டிங் செக்‌ஷனுக்கு நான்தான் ஹெட். தையல் மெஷின் வாங்க வைத்தது நான். மழைக்காலத்தில் அட்டை வளையாமல் இருக்க வழி கண்டது நான். கம்பெனியின் கோர்ட் தீர்ப்புத் தொகுப்பு மொத்தம் முப்பத்தொரு வால்யூம். பெங்களூரில் பெரிய வக்கீல் ஆபீஸ் எதற்குப் போனாலும் நாற்காலிக்குப் பின்னால் அந்தச் சிவப்புத் துணி அட்டையும் தங்க எழுத்தும் தெரியும். கிழிந்து வந்த பழசையெல்லாம் பிரித்துத் தைத்துக் கொடுத்ததும் இந்தக் கைதான். இத்தனைக்கும் மேலே, அந்தக் கம்பெனியின் சீடியை விற்க வைத்ததும் நான். ஒரு பைண்டர் சீடியை எப்படி விற்றான் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

1. முதலாளி கீழே இறங்கி வந்தார்

இரண்டாயிரம் பிறந்த சமயம். வெளியூர்க் கம்பெனி ஒன்று தீர்ப்புகளைச் சீடியில் போட்டு விற்க ஆரம்பித்தது. அந்த வருஷம் எங்கள் வால்யூம் பாதிக்கு மேல் கோடவுனை விட்டு நகரவில்லை. முதலாளி சீனப்பா சார் மாடி இறங்கி பைண்டிங் செக்‌ஷனுக்கே வந்தார்.

"ஏனப்பா முனிரத்னா, நாமளும் சீடி போடுறோம். பிரெஸ் இருக்கிற இடத்தை பேங்க்ல வெச்சுட்டேன். இது ஓடலேன்னா பைண்டிங்கை மூடறதுதான் வழி. பதினாலு பேருக்கும் இப்பவே தெரியட்டும்."

வேறு முதலாளியாக இருந்தால் கடைசி நாளில் நோட்டீஸ் ஒட்டியிருப்பான். இவர் நேரே நின்று சொன்னார். அந்த மரியாதை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

சீடி வேலைக்கு வசந்தி என்று ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். அல்சூர்க்காரர், நம்ம தமிழ். டைப் அடிக்க வசதியாக வால்யூம்களைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். நான் தைத்ததை நானே கத்தி வைத்து அறுத்தேன். ஆனால் தாளைக் கண்டபடி அள்ளிக் கொடுக்கவில்லை. பைண்டிங்கில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரமாகத்தான் கொடுத்தேன். கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபாரத்துக்கு ஒரு ஃபைல், அதன் பெயர் வால்யூம் நம்பர், ஃபாரம் நம்பர் என்று அடம் பிடித்தேன்.

"அண்ணா, கம்ப்யூட்டருக்கு எதுக்கு ஃபாரம் கணக்கெல்லாம்?"

"எனக்கு வேணும்மா. ஒண்ணு காணாமப் போனா உங்க கம்ப்யூட்டரா வந்து பதில் சொல்லும்?"

சிரித்தார். ஆனால் நான் சொன்னபடியே செய்தார்.

2. வக்கீல் கேட்ட கேள்வி

சீடி தயார். முதலில் ஜெயராஜ் வக்கீலிடம் காட்டலாம் என்றார் முதலாளி. முதல் வால்யூமில் இருந்து வாங்குகிறவர். அவர் சரி என்றால் கோர்ட்டில் பாதிப் பேர் சரி என்பார்கள். மூன்று பேரும் போனோம்.

வசந்தி அம்மா 'டெனன்ட்' என்று அடித்தார். வாடகைக் கேஸ் எல்லாம் மடமடவென்று வரிசையாக வந்து நின்றன. வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அடேங்கப்பா! இதுக்கு என் ஜூனியர் ரெண்டு நாள் எடுத்துக்குவான். சரி, இந்தத் தீர்ப்பு எந்தப் பக்கம்?"

"பக்கம் கிடையாது சார். ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போகலாம்."

"ஏம்மா, 'மை லார்ட், கொஞ்சம் ஸ்க்ரோல் பண்ணுங்க'ன்னு நான் ஜட்ஜ்கிட்ட சொல்லவா? வால்யூம் இத்தனை, பக்கம் இத்தனைன்னு சொன்னாத்தான் அவர் புக்கைத் திறப்பார். விலை என்ன?"

"ஆறாயிரம்" என்றார் முதலாளி.

"சீனப்பா, எஸ்.பி. ரோட் கம்ப்யூட்டர் கடையில இந்தத் தட்டு இருபது ரூபா. இதுல வெச்சு இட்லிகூட சாப்பிட முடியாதேய்யா!"

வெளியே வந்ததும் வசந்தி அம்மா படியிலேயே நின்றுவிட்டார். தாளில் இருந்த பக்க நம்பரை டைப் அடிக்கும்போது விடச் சொன்னது அவர்தான். வாக்கியத்துக்கு நடுவில் நம்பர் வந்து விழுகிறது, பார்க்கக் குப்பையாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

"என் தப்பு சார். திரும்ப அடிச்சா ஒரு வருஷம் ஆகும்" என்றார்.

பழியைத் தூக்கி டைப் அடித்தவர்கள் தலையில் போட்டிருக்கலாம், போடவில்லை. படித்தவர்களில் அப்படி நான் நிறையப் பேரைப் பார்த்ததில்லை. ஆனால் பேங்க் ஒரு வருஷம் காத்திருக்காது.

3. ஆட்டோவில் நடந்தது

திரும்பும்போது ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ஏம்மா, எந்த வார்த்தையக் குடுத்தாலும் உங்க மெஷின் தேடுது. ஒரு பக்கத்தோட முதல் நாலு வார்த்தையக் குடுத்தா, அந்தப் பக்கம் ஆரம்பிக்கிற இடத்தை அது காட்டாதா? அங்க நம்பரைப் போட்டுட்டா தீர்ந்தது."

"முப்பத்தொரு வால்யூம்ல அதே நாலு வார்த்தை நூறு இடத்துல வருமே அண்ணா."

"முப்பத்தொண்ணுலயும் எதுக்கும்மா தேடணும்? ஒரு ஃபைல்னா ஒரு ஃபாரம். பதினாறு பக்கத்துக்குள்ள தேடுங்க."

அந்த அம்மா அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"ஆறாவது. அதுவும் பாதி."

முதலாளி முன்னால் குனிந்தார். ஆட்டோக்காரரிடம், "பேக ஹோகப்பா, சீக்கிரம்" என்றார்.

என் ஆட்கள் பதினாலு பேரும் அறுத்த தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எழுத்து தெரியும், அது போதும். ஒவ்வொரு பக்கத்தின் முதல் வார்த்தைகளை எழுத்தெழுத்தாகச் சொன்னார்கள், டைப் அடிக்கிறவர்கள் தட்டினார்கள். நம்பர் தானாக உட்கார வசந்தி அம்மா ஒரு புரோகிராம் எழுதிவிட்டு, எங்களோடு தரையில் உட்கார்ந்து தானும் தாள் பார்த்தார். இரண்டு மாதத்தில் முடித்தோம்.

விலையை ஐந்நூறுக்கு இறக்கிவிடலாம் என்றார் முதலாளி. நான் விடவில்லை. "சார், தட்டைக் காட்டினா தட்டு விலைதான் கேப்பாங்க. வால்யூமா காட்டுவோம்." வால்யூம் உயரத்துக்கு அட்டைப் பெட்டி செய்தேன். அதே சிவப்புத் துணி, அதே தங்க எழுத்து, உள்ளே சீடி.

மறுபடி ஜெயராஜ் வக்கீலிடம் போனோம். மறுபடி 'டெனன்ட்'. திரையில் வால்யூம் பதினேழு, பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. அவர் எழுந்தார். அலமாரியில் பதினேழை உருவினார். நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்தார். விரலை வைத்து, திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்து வால்யூம் வரிசையின் கடைசியில் தன் கையாலேயே வைத்தார்.

"ஐயாயிரம்னு வெச்சுக்கலாமா?"

"ஆறாயிரம்தான் சார்" என்றேன். முதலாளியைப் பேச விடவில்லை.

கொடுத்தார். மற்ற வக்கீல்களும் வந்தார்கள். பைண்டிங் செக்‌ஷன் மூடவில்லை. பெட்டி செய்யவே ஆள் போதவில்லை.

இப்போது புத்தகம் போடுகிற இளைஞர்கள் புதுசு புதுசாக மெஷின் வாங்கிவைத்துக்கொண்டு, விலை வைக்கத் தெரியாமல் முழிக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். வாங்குகிறவன் உங்கள் புத்தகத்தில் எதைத் தொட்டு வேலை செய்கிறான் என்று பாருங்கள். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஏற்றினால் இருபது ரூபாய்த் தட்டுதான் மிஞ்சும்.

கம்பெனி போட்ட ஆண்டு மலரை வாங்கிப் பார்த்தேன். சீடி கதை நாலு பக்கம். வசந்தி அம்மா போட்டோ இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், தகுதியானவர். "அண்ணா, உங்க பேரை நான் எழுதிக் குடுத்தேன், எடுத்துட்டாங்க" என்று அவரே போன் செய்தார். எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த பதிப்பில் ஒரு வரி வர வேண்டும்: பக்க நம்பர் யோசனை, சீடிப் பெட்டி: முனிரத்தினம், பைண்டர். போட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டேன். எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், திறந்து பார்த்துக்கொள்கிறேன்.