பத்து எண்ணும் வரை

தெர்மாமீட்டர் என்றுதான் அவருக்குப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பத்தெட்டு வருஷமாக ஜெனரேட்டர் மெக்கானிக். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பார், வாய்க்குள் எண்ணுவார். பத்து எண்ணும் வரை கை தாங்கினால் இயந்திரம் நலம். ஏழில் கையை எடுத்தால் ஒரு வாரத்துக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றில் எடுத்தால் உடனே நிறுத்து. ஒன்றிலேயே எடுத்தால் தள்ளி நில். இவ்வளவுதான் வித்தை. கேட்கச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியிலும் ஐஸ் கம்பெனியிலும் மீட்டர் மேல் மீட்டராக வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய இன்ஜினியர்களெல்லாம் கடைசியில் இவருக்குத்தான் போன் போட்டார்கள்.

மருமகன் ஒருமுறை ஆசையாக ஒரு கருவி வாங்கிக் கொடுத்தான். துப்பாக்கி மாதிரி இருக்கும்; பொத்தானை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழுந்து, எத்தனை டிகிரி சூடு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடும். நான் என்ன திருடன் பிடிக்கவா போகிறேன் என்று சிரித்து அதை மேஜை இழுப்பறையில் போட்டார். உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போனது. பெருமை தலைக்கேறியவர்களிடம் பரிசு கொடுப்பது கஷ்டம்தான்.

அவருக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை வியாதி. முதலில் மரத்தது பாதம். ஒரு செருப்பு கழன்று கடையிலேயே கிடக்க, மற்றதோடு தெருமுனை வரை நடந்துவிட்டார். எதிரே வந்தவர்கள் சிரித்த பிறகுதான் குனிந்து பார்த்தார். பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று கால் சொல்லாமல் போனதும், வெயிலில் கண் கூசுகிறது என்று ஒரு சாக்குச் சொல்லி வேன் சாவியை மனைவியிடம் கொடுத்தார். அவள் நம்பினாள். ஜெனரேட்டர்களுக்குக் கேன்வாஸ் உறை தைக்கிறவள் அவள். கடையில் பாதி இடம் அவளுடைய தையல் மெஷினுக்குத்தான்.

பிறகு விரல்கள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் சட்டைப் பித்தான் போடும்போது, பித்தான் விரலுக்கு இடையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்று மதியம் கொதிக்கிற டீ கிளாஸை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. வேறு ஆளாக இருந்தால் டாக்டர் வீட்டுக் கதவை உடைத்திருப்பான். இவர் டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அழுகையோ ஆத்திரமோ எதுவும் எழவில்லை. யாரோ ஒருவருக்கு வந்த கடிதத்தைப் படிப்பதுபோலத்தான் அவருக்கு இருந்தது.

வேலையை விடவில்லை. வாடிக்கைக்காரர் சொல்வதைக் கவனமாகக் கேட்பார். சத்தத்தைக் கேட்பார், வாசனை பிடிப்பார், பெயின்ட் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டுக் கையை வைத்து, அதற்குத் தகுந்தபடி ஏழிலோ மூன்றிலோ வெடுக்கென்று எடுப்பார். அத்தனையும் நடிப்பு. எட்டு மாதம் இப்படியே ஓட்டினார் மனுஷன்! இழுப்பறையில் கிடந்த துப்பாக்கியை எடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எடுத்தால் ஏன் என்று முதல் ஆளாக மனைவி கேட்பாள். காரணம் தெரிந்தால் கடையைப் பூட்டு என்பாள். கடையைப் பூட்டினால் பிறகு இவர் யார்? கையை வைத்துச் சொல்கிறவர் என்பதைத் தவிர அவருக்குத் தன்னைப் பற்றி வேறு எதுவும் தெரியாது.

இப்படி இருக்கையில்தான் நர்ஸம்மாவின் கேரவன் வந்து சேர்ந்தது.

ஓய்வு பெற்ற நர்ஸ். தனி ஆள். இருந்த வீட்டை விற்று, பழைய கேரவன் ஒன்றை வாங்கி, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர். சக்கரம் வைத்த வீடு அது: ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சின்ன ஃபிரிஜ், தலைக்குமேல் ஏ.சி. வெளியூர் வண்டிகள் நிற்கிற மைதானத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். காலை பத்து மணிக்கு மனைவி வேனை ஓட்ட, கருவிப் பெட்டியோடு போய் இறங்கினார் தெர்மாமீட்டர்.

ஜெனரேட்டர் வண்டியின் பின்பக்கம், கட்டிலுக்கு அடியில், வெளியே திறக்கிற ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. நர்ஸம்மா விஷயத்தைக் கோவையாகச் சொன்னார். இருபது நிமிடம் ஓடுகிறது, பிறகு தானாக நின்றுவிடுகிறது. அரை மணி ஆறவிட்டால் மறுபடி இருபது நிமிடம். பெட்டிக்குள் சேருகிற சூட்டை வெளியே தள்ளுவதற்கென்று தனியாக ஒரு மின்சார ஃபேன் உண்டு. அது எரிந்துபோய், போன மாதம்தான் வேறோர் ஊரில் புது ஃபேன் போட்டார்கள். மறுநாள் காலை அவர் கிளம்ப வேண்டும், மூன்று நாள் வழியில் எங்கும் கரண்டு கிடையாது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"அந்தப் புது ஃபேன் மோட்டாரத் தொடவே முடியல தம்பி. அப்படிச் சுடுது."

இதைவிட என்ன வேண்டும்? நோயாளியே நோயைச் சொல்லிவிட்டார். வழக்கம்போல மூன்றில் கையை எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் ஜெனரேட்டரை ஓடவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து ஃபேன் மோட்டார் மேல் வலது கையை வைத்தார். அந்த நேரம் பார்த்து இன்ஜினுக்குள் டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. காது அதன் பின்னால் போய்விட்டது. வால்வா, வேறெதுவுமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் உதடு பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போய், பத்து என்று சத்தமாகவே சொல்லிவிட்டது. நர்ஸம்மா நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி எப்படிப் பின்வாங்குவது?

"பத்து எண்ணியாச்சு சிஸ்டர். ஃபேன்ல சூடு இல்ல. கோளாறு வேற இடத்துல."

நர்ஸம்மாவுக்குக் குழப்பம். ஆனால் இவருடைய பேர் பெரிய பேராயிற்றே. தனக்குத்தான் தோல் மெலிந்துவிட்டது போல என்று சும்மா இருந்துவிட்டார். கேலிக்கூத்து என்னவென்றால், சொன்னவரும் அதை நம்பிவிட்டார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்; பத்து என்று வாய் சொல்லிவிட்டால் மனசு அதற்குமேல் விசாரிப்பதில்லை. பெட்டியின் கம்பி வலைக்கு முன்னால் புறங்கையைக் காட்டினார். காற்று வெளியே வந்தால் அங்கே படும். பட்டதா படவில்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது, அதனால் காற்று வருகிறது என்று வைத்துக்கொண்டார்.

அப்புறம் இரண்டரை மணி நேரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். வலையில் அடைந்திருந்த தூசியைத் தட்டினார். ஆயிலை மாற்றினார். ஏர் ஃபில்டரை மாற்றினார். சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்குமோ என்று மல்லாக்கப் படுத்துப் பார்த்தார். ஏ.சி.யை அணைத்து, ஃபிரிஜ்ஜை மட்டும் போட்டுப் பார்த்தார். இருபதாவது நிமிடம் நின்றது. ஆறவிட்டு ஓட்டினால், இருபத்திரண்டில் நின்றது. இரண்டு நிமிடம் கூடிவிட்டதே என்று சமாதானம் சொன்னார். அவருக்கே அது சப்பைக்கட்டாகப் பட்டது.

மூன்றாவது முறை ஓடும்போது மறுபடி ஃபேன் மோட்டார் மேல் கையை வைத்து, வைத்த கையை எடுக்காமலே மறு கையால் ஒரு வயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த நர்ஸம்மா பக்கத்தில் வந்து, அவருடைய கட்டை விரலுக்கு அருகில் தன் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் உதறிக்கொண்டு பின்னால் போனார். பிறகு அவர் கையைப் பார்த்தார். அது அசையாமல் அங்கேயே இருந்தது.

"தம்பி, கைய எடுங்க."

"இருங்க சிஸ்டர், இன்னும் பத்து..."

"கைய எடுங்கன்னு சொல்றேன்."

எடுத்தார். உள்ளங்கை நெருப்பாகச் சிவந்திருந்தது. விரல்களின் அடியில் தோல் வெளுத்து உப்பிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ கடையில் பொருள் வாங்குகிற மாதிரி. வேனில் உட்கார்ந்து உறைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த மனைவி, ஊசியும் நூலுமாக ஓடி வந்தாள்.

நர்ஸம்மா ஜெனரேட்டரை நிறுத்தினார். அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீருக்கு அடியில் கையைப் பிடித்தார். இருபது நிமிடம் பிடித்தபடியே கேள்வி கேட்டார். சர்க்கரை எத்தனை வருஷம், பாதம் எப்படி, பித்தான் போட முடிகிறதா. அவர் மென்று விழுங்கினார். கட்டுப் போட்டு முடித்ததும் கண்ணை மூடச் சொல்லி, இடது கையை விரித்து வைத்து, பேனா மூடியின் முனையால் விரல் விரலாகத் தொட்டு எந்த விரல் என்று கேட்டார். சுண்டு விரல் என்றார் அவர். அடுத்து மோதிர விரல் என்றார். அடுத்து கட்டை விரல் என்றார்.

"கடைசி தடவ நான் தொடவே இல்ல தம்பி."

கண்ணைத் திறந்தார். எதிரே மனைவி நின்றாள். குட்டு உடைந்துவிட்டது.

"எப்பலேர்ந்து?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா நாம ஒரே வீட்லதான இருக்கோம்?"

அவளுக்குக் கோபம். சொல்லவில்லையே என்ற கோபத்தைவிட, தனக்குத் தெரியவில்லையே என்ற கோபம் பெரிது. அவருக்கோ வெட்கம் வந்திருக்க வேண்டும், குறைந்தது நிம்மதியாவது. எதுவும் வரவில்லை. குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

நர்ஸம்மா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வண்டி ரிப்பேராகவே கிடக்கட்டும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேறு ஆள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மனைவிக்குச் சுருக்கென்றது. ஊசியைச் சட்டைக் கைப்பட்டியில் குத்திக்கொண்டு, ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். ஓடவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, ஃபேன் மோட்டார் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"ஒண்ணு. ரெண்டு..." கையை இழுத்துக்கொண்டாள். "ரெண்டுக்கு மேல முடியல."

எட்டு மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் உண்மையான எண் அது. கிடைத்ததும் மூளை தானாக வேலை செய்தது. பழைய செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் கம்பி வலைக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். காற்று வெளியே வந்தால் காகிதம் படபடத்துப் பறக்க வேண்டும். அது போய் வலையில் ஒட்டிக்கொண்டது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது! வெளியே தள்ள வேண்டியது உள்ளே இழுக்கிறது. இன்ஜின் ஒரு பக்கம் சூட்டைத் தள்ள, இது எதிர்ப் பக்கம் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்ட மோட்டார் வெந்துபோகாமல் என்ன செய்யும்? புது ஃபேன் போட்ட புண்ணியவான் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான். பத்து நிமிட வேலை. காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

அவர் வலது கையில் கட்டு. அதனால் அவர் சொல்லச் சொல்ல அவளே ஸ்க்ரூவைக் கழற்றினாள், சிவப்பு வயரைக் கறுப்பின் இடத்தில் வைத்தாள், கறுப்பைச் சிவப்பின் இடத்தில் வைத்தாள். தைக்கிற கை, பதறவில்லை. ஓடவிட்டதும் காகிதம் விருட்டென்று பறந்து மைதானத்தின் பாதி வரை போனது. ஏ.சி., ஃபிரிஜ் எல்லாவற்றையும் போட்டு, நாற்பது நிமிடம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத வண்டிக்குள் போனார்.

இருவரும் கேரவனின் வாசல்படியில் உட்கார்ந்தார்கள். இருபதாவது நிமிடம் அவள் எழுந்து போய்க் கையை வைத்துப் பார்த்தாள். பத்து வரை எண்ணிவிட்டுத் திரும்பி வந்து, அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"நாளைலேர்ந்து நான் கை வைக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க. கடையப் பூட்ட வேணாம்."

சரி என்றார். எட்டு மாதமாக எதற்காக நடித்தாரோ அது இவ்வளவு சுலபமாக அவர் மடியில் வந்து விழுந்துவிட்டது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். எதிரே ஒருவர் கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவர் துணிகளை எண்ணினார். ஜெனரேட்டர் சீராக ஓடிக்கொண்டிருந்தது. முப்பது நிமிடம் தாண்டியது. முப்பத்தைந்து ஆனது.

"என்னங்க."

"ம்."

"கால் மணி நேரமா உங்க கையப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய இடது கை அவள் மடியில் இருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் அதைப் பொத்திப் பிடித்திருந்தன. கை எப்போது அங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அழுத்திப் பிடி," என்றார்.

"அழுத்தித்தாங்க பிடிச்சிருக்கேன்," என்றாள் அவள்.