அண்ணன் கிளம்பிக்கொண்டிருக்கிறான், மேடம்

ராஜேஸ்வரி மேடம் இறந்துவிட்டார். இப்போதுதான் போன் வந்தது... மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம்.

பீளமேட்டிலிருந்து தொண்டாமுத்தூர் போய்ச் சேர வேண்டும். கார் வாசலில் நிற்கிறது, நாங்கள் இன்னும் கிளம்பவில்லை. உட்கார முடியாமல் இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

யார் இந்த மேடம் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில், ஊனமுற்றவர்களைப் பராமரிக்க அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கு மனுப் போட்டால், வீட்டுக்கு வந்து விசாரித்துப் போகும் அதிகாரி.

என் அண்ணன் குமாருக்குப் பிறந்ததிலிருந்தே கை கால் வராது, பேச்சும் கிடையாது. அவனைப் பார்த்துக்கொள்ள அம்மா மில் வேலையை விட்டுவிட்டார். அப்பாவின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே சரியாகப் போகும்... அந்தப் பணம் கிடைத்தே ஆகவேண்டும்.

மேடம் வந்த அன்று அம்மா என்ன செய்தார் தெரியுமா? அண்ணனைக் குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் அடித்து, பொங்கலுக்கு எடுத்த சட்டையை மாட்டிச் சேரில் உட்கார வைத்துவிட்டார்.

பையன் எப்படி இருக்கிறான் என்று மேடம் கேட்டார்.

"நல்லா இருக்கானுங்க. ஒரு கொறையுமில்லீங்க."

வீட்டுக்கு வந்தவரிடம் பெற்ற பிள்ளையைக் குறை சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. மேடம் பேனாவை மூடிவிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அவர் எழுந்து போகவில்லை. மத்தியானம் வரை எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா ஊட்டியது, துணி மாற்றியது, ஒற்றை ஆளாகத் தூக்கிப் படுக்க வைத்தது... எல்லாம் பார்த்தார்.

"அவன் நல்லாத்தான் இருக்கானுங்க்கா. நீங்க எப்பிடி இருக்கறீங்க?"

அம்மாவிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் மேடம் பேனாவைத் திறந்தார். பணம் வந்தது... ரொம்பக் கொஞ்சம். ஆனாலும் வந்தது.

அடுத்தடுத்த வருஷங்களிலும் விசாரிக்க வந்தார். அண்ணன் எப்போதும் பவுடரோடுதான் இருப்பான். "மாப்ள ரெடியாங்க்கா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்.

இதோ, பாத்ரூமில் தண்ணீர் ஊற்றும் சத்தம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, குளிப்பாட்டுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நேரமாகிறது, அப்படியே கூட்டிப் போகலாம் என்று கத்திப் பார்த்துவிட்டேன்.

"அந்தம்மிணி மொகத்தப் பாக்கப் போறோம். இவன் எப்பிடியோ கெடந்தா நல்லாவா இருக்கும், கண்ணு?"

பவுடர் டப்பாவைக் காணோமாம். நான் போய்த் தேடுகிறேன்.

கொஞ்சம் இருங்க மேடம்... வந்துட்டே இருக்கோம்.