காலியான கனகாம்பரக் காய்கள்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். சலவைக்குத் துணி போட்டால் சட்டைப் பொத்தான்களை எண்ணித்தான் அனுப்புவேன். "நீ போலீஸ்ல சேர வேண்டியவ, தப்பா எனக்கு வாக்கப்பட்டுட்டே" என்று என் கணவர் கிண்டல் செய்வார். எழுபதுகளின் கடைசியில் அவர் அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் என்ஜினியர். கம்பெனி கொடுத்த வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்கு மண் இருந்தது. மண் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சுத்த மணல்.

ஒரு லீவு முடிந்து திரும்பும்போது மெட்ராஸில் விதைப் பொட்டலங்கள் வாங்கிப் புடவை மடிப்பில் வைத்துக் கொண்டுவந்தேன். நித்தியகல்யாணி, சங்குப்பூ, அந்திமந்தாரை, கனகாம்பரம். ஒருமுறை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் நின்று பூக்கிற செடிகளாகப் பார்த்து வாங்கினேன். மற்றவை போட்ட இடத்தில் முளைத்தன. கனகாம்பரம் மட்டும் இருபது நாள் கண்ணாமூச்சி காட்டிவிட்டு ஐந்தே ஐந்து செடி தந்தது. அவற்றைச் சமையலறைச் சுவர் ஓரம், மத்தியான நிழல் விழும் இடத்தில் வைத்தேன்.

ஜூன் மாதம், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுடுகிற வெயிலில், ஐந்தும் பூத்தன. வேலியில் சங்குப்பூ நீலமாக ஏறிக்கொண்டிருந்தது, நித்தியகல்யாணி தரையெல்லாம் பூத்துக் கிடந்தது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கனகாம்பரத்தைத்தான் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கூடுகிற தமிழ்ப் பெண்கள் என் தலையைப் பார்த்துவிட்டு ஒருவர் பாக்கியில்லாமல் விதை கேட்டார்கள். "முத்தட்டும், தர்றேன்" என்றேன். கொடுக்கிற எண்ணம் துளியும் இல்லை. அந்த ஊரிலேயே என் வீட்டில் மட்டும்தான் கனகாம்பரம் என்ற கர்வம் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகுமா?

தண்ணீர் ஊற்ற கம்பெனி ஒருவரை அனுப்பியது. சிவகங்கைப் பக்கத்து மனிதர், நாற்பது வயதிருக்கும். சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டதால் எங்கள் தெருவில் இருந்த கம்பெனி வீடுகளுக்குச் செடி டியூட்டி போட்டிருந்தார்கள். அந்த வேலை போனால் மறுபடி வெயிலில் சிமெண்ட் சுமக்க வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏசி சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைப்பேன். சாயங்காலம் வந்து அதை ஊற்றுவார். வேரில் மட்டும் ஊற்றச் சொன்னால் கேட்கமாட்டார். கையால் அள்ளி இலையெல்லாம் தெளிப்பார். "மணல் படிஞ்சா இலைக்கு மூச்சு முட்டும்மா" என்பார்.

ஜூலையில் பூ உதிர்ந்த கதிர்களில் காய் பழுப்பாக முற்றியது. எண்ணினேன், முப்பத்தொன்று. மறுநாள் பறிக்கலாம் என்று விட்டுவைத்தால், மறுநாள் பாதிக் காய்கள் வாயைப் பிளந்து காலியாக இருந்தன. உள்ளே விதை இல்லை. யாரோ நகத்தால் பிளந்து எடுத்த மாதிரி.

எனக்குள் இருந்த போலீஸ் எழுந்துவிட்டது. மீதிக் காய்களைப் பறிக்காமல் பொறியாக விட்டுவைத்தேன். காலையில் எண்ணினேன், சிவகங்கைக்காரர் வந்து போன பிறகு எண்ணினேன். காலையில் இருக்கிறது, அவர் போனதும் குறைகிறது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்று செடிக்கும் தண்ணீர் கிடையாது. அன்று ஒரு காய்கூடக் குறையவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அதே வாரம் பஜனையில் ஓர் அம்மாள் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். தம்பி நேற்று விமானத்தில் கொண்டுவந்தான் என்றாள். நான் நம்பவில்லை. விதை அந்த வீட்டுக்குப் போய் முளைத்துப் பூக்க எத்தனை மாதம் ஆகும் என்றுகூட எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஏசி காதடைக்க இரைந்துகொண்டிருந்தது. சிவகங்கைக்காரர் தண்ணீர் தெளித்து முடித்தார். சுற்றிலும் பார்த்தார். இடுப்பைப் பிடித்தபடி குனிந்து எதையோ பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டார். வெளியே ஓடினேன்.

"என்னப்பா எடுத்தே? பையைக் காட்டு."

அவர் பையை வெளியே இழுத்துக் காட்டினார். வாடிய கனகாம்பரப் பூ நாலைந்து இருந்தது. "சாமி படத்துக்கும்மா. கீழ விழுந்ததுதான்."

"கீழ விழுந்த பூவை யாராவது சாமிக்கு வைப்பாங்களா? யார்கிட்டே கதை விடறே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். பூ ஒரு சாக்கு, விதை வேறெங்கோ ஒளித்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். அன்று சாயங்காலமே என் கணவரிடம் சொன்னேன், அவர் ஃபோர்மேனிடம் சொன்னார். மூன்றாம் நாள் சிவகங்கைக்காரரை ருவைஸுக்கு வண்டியேற்றிவிட்டார்கள். அப்போது ருவைஸ் என்றால் மணலும் கேம்ப்பும் சைட்டும், வேறொன்றும் கிடையாது.

பத்து நாள் நானே தண்ணீர் ஊற்றினேன், அவரிடம் நான் சொன்னபடி வேரில் மட்டும். நன்றாக முற்றட்டும் என்று விட்டுவைத்த காய்களில் ஒன்றும் காணாமல் போகவில்லை. எனக்கு ஏகப்பட்ட திருப்தி. பிறகு ஒரு நாள் மணற்காற்று அடித்துச் செடியெல்லாம் வெளுத்துப்போனது. கரண்டும் இல்லை, ஏசி நின்றிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் நானும் கையால் அள்ளித் தெளித்தேன். வாளியைக் கழுவிக்கொண்டு நின்றபோது 'டிக்' என்று சத்தம். இன்னொரு டிக். கன்னத்தில் சுருக்கென்று ஏதோ பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் பட்ட காய்கள் ஒவ்வொன்றாக வெடித்து, விதை சுவரில் மோதி மணலில் தெறித்தது.

சின்ன வயதில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்க வைத்து விளையாடியவள்தான் நான். கனகாம்பரமும் அந்த ஜாதி என்று தெரியாது. முழம் போட்டு வாங்கித் தலையில் வைத்ததோடு சரி, செடியை நான் எங்கே பார்த்தேன்? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

கணவரிடம் சொன்னேன், சிவகங்கைக்காரரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மன்றாடினேன். "என் பொண்டாட்டிக்குக் காய் எண்ணத் தெரியலேன்னு ஃபோர்மேன்கிட்டே போய்ச் சொல்லவா? பேப்பர் போயாச்சு. கலாஸ், முடிஞ்ச கதை" என்றார். ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அதனால் ருவைஸில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அடுத்த வாரம் தண்ணீர் ஊற்ற வேறொருவர் வந்தார். சிவகங்கைக்காரரோடு ஒரே ரூமில் இருந்தவராம். தயங்கித் தயங்கி இவரிடம் கேட்டேன், அவர் பொறுக்கிப் போன பூவை என்ன செய்வார் என்று.

"முருகன் படத்துக்கு வைப்பாரும்மா. கழுவிட்டு வைப்பாரு. கீழ விழுந்ததை வைக்கலாமாண்ணே, ரெண்டு பறிச்சிட்டு வாங்களேன்னு நாங்க சொல்லுவோம். அது அவங்க செடி, கேக்காமப் பறிச்சா திருட்டும்பாரு."

உள்ளே போய் ஒரு தட்டு எடுத்துவந்து, "இனிமே எவ்வளவு வேணும்னாலும் பறிச்சுக்கோப்பா, படத்துக்குக் கொண்டு போ" என்றேன்.

"வேணாம்மா" என்றார். தண்ணீரை வேரில் மட்டும் அளந்து ஊற்றினார். வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சமையலறை வாசலுக்கு வந்து, பேன்ட் பை இரண்டையும் வெளியே இழுத்துவிட்டு, சட்டைப் பையையும் விரித்துக் காட்டினார்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"போறப்ப உங்ககிட்ட காட்டிட்டுத்தான் வரணும்னு ஃபோர்மேன் சொல்லியிருக்காரும்மா."

வேண்டாம், இனிமேல் காட்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். மறுநாளும் காட்டிவிட்டுத்தான் போனார்.