பாயின் காய்ச்சல்

எனக்கு வந்த நரம்பு நோயே உத்திரமேரூரில் சோடாக்கடை வைத்திருந்த பாய்க்கும் வந்திருந்தது. இருவருக்கும் வாரம் ஒரு ஊசி. மருந்து கெடாமல் இருக்க அவர் கடை ஐஸ் பெட்டியில், கலர் பாட்டில்களுக்கு நடுவே வைத்திருப்பார், என்னுடையதும் அங்கேதான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஒரு நர்ஸம்மா வந்து போடுவார்.

ஒல்லியான மனிதர், மருதாணி போட்ட தாடி. ஊசி போட்ட சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் அடிக்கும். மஃப்ளர் சுற்றிக்கொண்டே வியாபாரம் பார்ப்பார். எனக்கும் முதலில் வந்தது, பிறகு நின்றுவிட்டது. மருந்து பழகிவிட்டது என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். பாய்தான் பாவம் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் நடை நேரானது. என் கால் இன்னும் இழுத்தது. சென்னையில் ரத்தம் சோதித்த டாக்டர், என் உடம்பு மருந்தையே எதிரியாக நினைத்து முறித்துவிடுகிறது, காய்ச்சல் நின்றுபோனதுகூட அதனால்தான் இருக்கலாம், இனி அந்த ஊசி வேண்டாம் என்றார். வேறு மருந்து எங்களுக்கு எட்டாது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாயிடம் சொன்னேன். மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, "இந்த ஜொரத்துல இருந்து நீ தப்பிச்ச நைனா. எனக்கு அனலா கொதிக்கிது," என்றார்.

"அவ்ளோவா கீது?"

"தொட்டுத்தான் பாரேன்."

யாரையும் தொட்டுப் பேசும் வழக்கம் எனக்கில்லை. ஆனாலும் அவர் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. எடுக்க மனம் வரவில்லை.

"இன்னா நைனா, டாக்டர் கணக்கா புட்ச்சிக்கினு கீற?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, நானாகக் கையை எடுக்கும்வரை தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.