பின்னால் வரும் கிட்டார்

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை மதியம், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கிட்டாரின் கம்பியைத் தட்டினேன். சத்தம் இரண்டு தடவை கேட்டது. ஒன்று மடியிலிருந்து, உடனே. இன்னொன்று காதுக்குள், கொஞ்சம் பிந்தி. சட்டென்று திரும்பிப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தேன். அது காலியாகத்தான் இருந்தது.

அந்த நாற்காலி அண்ணனுடையது. ஜொகூர் பாருவின் தம்போயில் இருக்கும் இந்த வீட்டு ஹாலில்தான் நாங்கள் இருவரும் மாதா கோயில் ஞாயிறு பூசைக்குக் கிட்டார் பழகுவோம். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருவான். பழகவும் தாமதமாக வருவான், வந்து உட்கார்ந்தால் தாளத்திலும் தாமதம். நான் கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்ட் போட்டால் அவனுடையது ஒரு மயிரிழை பிந்தித்தான் விழும். முறைத்தால், "ஜாம்ல மாட்டிக்கிட்டேன்டா, வந்துருவேன் லா" என்று சிரிப்பான். திட்டிக்கொண்டே நானும் கொஞ்சம் நிதானித்து அவனை ஏற்றிக்கொள்வேன். அதனால் நாங்கள் வாசித்த பாட்டெல்லாம் ஆரம்பித்ததைவிட மெதுவாகத்தான் முடியும். பாடற்குழுவில் இருந்தவர்களுக்கும் அது பழகிவிட்டது. போன வருடம் அந்தப் பாலத்து வாகன வரிசையிலேயே, வண்டிமேல் உட்கார்ந்தபடி, அவனுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. அந்த ஜாமிலிருந்து அவன் வரவில்லை.

அவன் வாசித்ததை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. எங்கே போய்விடப் போகிறான் என்ற நினைப்பு எல்லாருக்கும். அவனுடைய வருஷ பூசை நெருங்கியபோது அண்ணி வந்தார்.

"பூசை முடிஞ்சதும் நான் பெக்கோக்குக்கு, அம்மா வீட்டுக்கே போயிடுறேன், தம்பி. நீங்க ரெண்டு பேரும் வாசிப்பீங்களே, அந்த மாதா பாட்டு, அத ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க. அங்க போயி கேட்டுக்குவேன். வேற ஒண்ணும் வேணாம்."

என்னிடம் இருந்தது ஒரு மலிவான கேபிள். ஒரு முனை கிட்டாருக்குள், மறுமுனை லேப்டாப்பின் யூஎஸ்பி துளைக்குள். அதை வைத்துத்தான் அந்தச் சனிக்கிழமையிலிருந்து வாரம் முழுக்க வாசித்துப் பார்த்தேன். வாசிக்கும்போதெல்லாம் காதுக்குள் இன்னொரு கிட்டார் பின்னாலேயே வந்தது. முதலில் பயமாக இருந்தது. பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள், அதற்காகவே வேலையிலிருந்து சீக்கிரம் வர ஆரம்பித்தேன்.

ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால் என் கிட்டார் மட்டும்தான் இருந்தது. அதுவும் போகப் போக நொண்டியது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட மெதுவாக இருந்தது. மறுபடி போட்டுக் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. நான் பழக்கதோஷத்தில் அவனுக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

இதை அண்ணியிடம் கொடுக்க முடியாது என்று, ஜொகூர் பாருவில் இசைக்கருவி விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். பின்னால் யாரோ வாசிப்பது போல இருக்கிறது என்றேன். கடைக்காரச் சீனர் பெரிதாகச் சிரித்தார்.

"புக்கான் ஹந்து லா, போஸ்!"

பேயெல்லாம் இல்லையாம். கம்ப்யூட்டர் சத்தத்தை வாங்கி, மென்று, திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நேரமாம். தண்டர்போல்ட் என்ற இணைப்புதான் வேகமானது, ஆனால் என் கிழட்டு லேப்டாப்பில் அதற்குத் துளை கிடையாது. ஃபயர்வயர் என்று முன்பு ஒன்று இருந்தது, அதை இப்போது யாரும் தேடுவதில்லை. கடைசியில் அவர் கையில் வைத்தது யூஎஸ்பியில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி. கிட்டார் சத்தம் கம்ப்யூட்டருக்குள் போகும் முன்பே, அதை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பிவிடும் என்றார். வாங்கி வந்தேன்.

மாட்டி, கம்பியைத் தட்டினேன். ஒரே சத்தம். மறுபடி தட்டினேன். மடியிலும் காதிலும் ஒன்றாகவே விழுந்தது. நாற்காலி காலியாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. அடக்கத்தின்போதுகூட வராத அழுகை எனக்கு அன்று வந்தது. அழுது முடித்து, முகம் கழுவி, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்துப் பதிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்து பதிவைக் கேட்டார். முழுதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை.

"அப்புறம் ஏன் அண்ணி ஒரு மாதிரி இருக்கீங்க?"

"என்னமோ அவசரமா போற மாதிரி இருக்கு. முன்னாடி எடுத்தது ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு. நொண்டும்."

"பரவால்ல, போடுங்க."

லேப்டாப்பின் ஸ்பீக்கரிலேயே போட்டேன். பின்னால் வந்த கிட்டாரைப் பற்றி அண்ணியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அது என் ஹெட்ஃபோனுக்குள் மட்டும் கேட்டது, பதிவில் ஏறவே இல்லை. திரையில் ஒரு கிட்டாரின் கோடுதான் ஓடியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் விரலால் தாளம் போட்டார். நல்ல தாள ஞானம் உள்ளவர், பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்பவர். அந்த விரல் என் கிட்டாரோடு ஒரு தடவைகூட விழவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மயிரிழை பிந்தி, ஒரே சீராக விழுந்தது. பாட்டு மெதுவாகிப்போன இடத்தில் அண்ணி சிரித்தார்.

"வந்துட்டாரு பாருங்க," என்றார். "இதையே என் போன்ல போட்டுக் குடுங்க, தம்பி."

போட்டுக் கொடுத்தேன். அதுவரை நான் பின்னாலிருந்த அண்ணனின் நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை.